கண்புரைக்கு லேசரா, ஃபேகோவா, எஸ்.ஐ.சி.எஸ்.ஸா: எந்தக் கண்ணுக்கு எது?

அம்மாவின் கண்ணைப் பரிசோதித்து முடித்து வெளியே வந்ததும் கவுன்சிலிங் மேசையில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதில் மூன்று பேக்கேஜ். முதலாவது மலிவு, இரண்டாவது நடுத்தரம். மூன்றாவதில் ‘லேசர்’ என்ற சொல்லும் அதற்கேற்ற விலையும் இருக்கும். “இதுதான் சார் லேட்டஸ்ட்” என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். மலிவானதைக் கேட்டால் பெற்றவள் கண்ணிலேயே கஞ்சத்தனம் காட்டியதாகிவிடுமோ என்ற உறுத்தலில் பல பிள்ளைகள் மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த உறுத்தலுக்கு இடமில்லை என்பதுதான் இங்கே சொல்ல வருவது. லேசர் உண்மையிலேயே கைகொடுக்கும் கண்களும் உண்டு. அவை எவை என்பதையும் பார்ப்போம்.

## முதலில் பெயர்க் குழப்பம்

நம் ஊரில் ‘லேசர் ஆபரேஷன்’ என்று சொல்லப்படுவது ஒன்றல்ல.

தையல் இல்லாமல், சின்னத் துளை வழியாகச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சையைப் பலரும் லேசர் என்கிறார்கள். அது பெரும்பாலும் ஃபேகோ. அதில் லேசரே கிடையாது. புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் எனும் ஒலி அதிர்வு. பக்கத்து வீட்டுக்காரர் “எனக்கு லேசர்லதான் பண்ணாங்க” என்றால் பத்தில் ஒன்பது முறை அவர் சொல்வது இதைத்தான்.

உண்மையான லேசர் ஃபெம்டோ லேசர். அறுவையின் தொடக்கப் படிகள் சிலவற்றை மருத்துவரின் கைக்குப் பதிலாக அது செய்கிறது. விளம்பரப் பலகையில் ‘ரோபோட்டிக்’, ‘பிளேடு இல்லாத’ என்று கண்டாலும் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது யாக் லேசர். அறுவை முடிந்து சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கிப்போனால் அதில் ஒரு சாளரம் திறப்பதற்கு. எந்த முறையில் புரை எடுத்தவருக்கும் இது தேவைப்படலாம். கண்ணாடியைக் கழற்ற இளவயதினர் செய்துகொள்ளும் லேசிக் வேறு சங்கதி. அதற்கும் புரைக்கும் தொடர்பில்லை.

ஆகவே மேசையில் முதல் கேள்வி: “எந்த லேசர்? ஃபெம்டோவா?” இதைக் கேட்டாலே பேச்சு தெளிந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. புரை என்பது கண்ணுக்கு மேல் வளரும் சதை அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மங்குவதுதான் புரை. சுமார் 9–10 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த லென்ஸ், மாம்பழம்போல மெல்லிய தோலும் நடுவில் கெட்டியான கொட்டையும் கொண்டது. தோலின் முன்பக்கத்தில் வட்டமாக வாசல் வெட்டி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, மிஞ்சிய தோலுறைக்குள் செயற்கை லென்ஸை உட்கார வைப்பதுதான் எஸ்.ஐ.சி.எஸ். (சிறு வெட்டு வழியே கையால் எடுப்பது), ஃபேகோ, ஃபெம்டோ லேசர் ஆகிய மூன்று முறைகளிலும் நடப்பது. கொட்டையை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் முக்கிய வேறுபாடு.

## எதை வைத்து எடை போடுவது

விலையையும் புதுமையையும் ஒதுக்கிவிட்டு இந்த ஐந்தைப் பாருங்கள்.

புரையின் கெட்டித்தன்மை. இளம்புரையா, பழுப்பேறிய கல் புரையா, பால்போல் வெளுத்து ஊதியதா என்பதுதான் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

கருவிழியின் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) உள்வரிசைச் செல்கள். கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் இந்தச் செல்கள் போனால் திரும்ப வளராது. வயதானவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,000 முதல் 2,500 வரை இருக்கும். 500-க்கு அருகே இறங்கினால் கருவிழி நீர் கோத்து வெளுக்கத் தொடங்கும். எந்த அறுவையும் இவற்றில் கொஞ்சத்தைப் பலி வாங்கும்.

கருவிழியின் வளைவுக் கோணல். அஸ்டிக்மாடிசம் என்று கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ பத்தியில் எழுதுவது இதைத்தான். வெட்டின் அளவும் இடமும் இதைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

பாப்பா (கருவிழிக்குப் பின்னே தெரியும் கறுப்புத் துளை) விரிவதும் நோயாளி அசையாமல் படுப்பதும். சொட்டு மருந்துக்குப் பாப்பா சரியாக விரியாத கண்ணும், இருமல், கை நடுக்கம், கூன் உள்ளவர்களும் சில முறைகளுக்கு ஒத்துவரமாட்டார்கள்.

விழித்திரையும் நரம்பும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் அழுத்த நோயால் நரம்பு தேய்ந்திருந்தாலோ புரையை எந்த முறையில் எடுத்தாலும் பார்வை அந்த எல்லையைத் தாண்டாது. லேசர் பேக்கேஜ் எடுத்தும் பார்வை வரவில்லை என்ற மனத்தாங்கலுக்குப் பல சமயம் இதுதான் காரணம். அறுவைக்கு முன்பே விழித்திரையை ஓ.சி.டி. ஸ்கேனில் பார்த்துவிட்டால் பின்னால் வருத்தம் இருக்காது.

## எஸ்.ஐ.சி.எஸ்.: கையால் எடுக்கும் முறை

கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுரங்கம்போல ஒரு வழி செதுக்குகிறார்கள். கொட்டையை உடைக்காமல் முழுதாக உறையிலிருந்து புரட்டி முன்னறைக்குக் கொண்டுவந்து, அந்தச் சுரங்கம் வழியே வெளியே எடுக்கிறார்கள். சுரங்கம் சாய்வாகச் செல்வதால் உள்ளழுத்தமே அதை மூடிவிடும். தையல் பெரும்பாலும் தேவையில்லை. முகாம்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பெருமளவு நடப்பது இதுதான்.

‘முகாமில் செய்வது’ என்பதாலேயே இதை இரண்டாந்தரம் என நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. கல்போல் இறுகிய பழுப்புப் புரையை உடைக்க ஃபேகோவுக்கு நிறைய அதிர்வு ஆற்றல் வேண்டும். அந்தச் சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்குவது கருவிழிச் செல்கள்தான். எஸ்.ஐ.சி.எஸ்.-இல் அந்த ஆற்றலே கண்ணுக்குள் செல்வதில்லை. வெள்ளைப் புரை உள்ள 270 பேரை இரண்டாகப் பிரித்துப் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில் இரு முறையும் பாதுகாப்பில் ஏறத்தாழச் சமமாக நின்றன. எஸ்.ஐ.சி.எஸ். விரைவாகவும் குறைந்த செலவிலும் முடிந்தது. மறுநாள் கருவிழி வீக்கம் ஃபேகோ செய்தவர்களிடம்தான் அதிகம்.

குறை எங்கே? வெட்டு பெரிது என்பதால் கருவிழியின் வளைவு கொஞ்சம் மாறும். ஒரு டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) அளவுக்குச் சிலிண்டர் ஏறுவது சாதாரணம். மேல்பக்கம் வெட்டாமல் காதோரப் பக்கத்தில் வெட்டினால் இது குறையும். கண் சிவப்பும் உறுத்தலும் சில நாள் கூடுதலாக இருக்கும். கண்ணாடி எழுதிக் கொடுக்கச் சுமார் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அருகே மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் உண்டு; எனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கண் அழுத்த நோய்க்குப் பின்னாளில் அறுவை தேவைப்படலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு வெள்ளைப் படலத்தைக் கலைக்காமல் விடுவது நல்லது; அவருக்கு ஃபேகோதான் பொருத்தம்.

## ஃபேகோ: ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சுவது

1967-இல் நியூயார்க்கின் சார்ல்ஸ் கெல்மன் தொடங்கிய முறை. பல் மருத்துவர் பற்காரையைச் சுரண்டும் அல்ட்ராசவுண்ட் கருவியில்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் குழல் ஊசி ஒன்று 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் துளை வழியாகக் கண்ணுக்குள் சென்று கொட்டையை உடைத்து உறிஞ்சிவிடும். பிறகு சுருட்டிய லென்ஸை அதே துளை வழியே செலுத்தினால் உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

வெட்டு சின்னது என்பதால் வளைவு அதிகம் மாறாது. பலருக்கு ஊசியே வேண்டாம். சொட்டு மருந்தே மரத்துப்போக வைக்கப் போதும். மறுநாளே பார்வை நன்றாக இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் கண்ணாடி எழுதிவிடலாம். கோணலைத் திருத்தும் டோரிக், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உதவும் மல்ட்டிஃபோகல் போன்ற விலைகூடிய லென்ஸ்களுக்கு இந்தச் சின்ன வெட்டு வசதியானது.

எது தவறும்? லென்ஸின் பின் உறை கிழிவது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குகூட இராது. அது கிழிந்தால் கண்ணின் பின்னறையில் இருக்கும் கூழ் முன்னே வரும். சில சமயம் கொட்டைத் துண்டு பின்னே விழுந்து விழித்திரை மருத்துவரின் இன்னொரு அறுவை தேவைப்படும். கைதேர்ந்தவர்களிடம் இது நூற்றுக்கு ஒன்று இரண்டு. கற்றுக்கொள்பவர்களிடமும் கல் புரைகளிலும் கூடும். கெட்டிப் புரையில் ஊசியின் சூடு வெட்டு வாயைச் சுட்டுவிடுவதும் உண்டு. அப்படிச் சுட்ட வாய் சரியாக மூடாது, தையல் போட வேண்டிவரும்.

‘புரை முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்ற பழைய பேச்சு இங்கேதான் கெடுதல் செய்கிறது. லென்ஸ் வைக்காமல் தடிமனான கண்ணாடி போட்ட காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று காத்திருந்தால் கொட்டை இறுகும், ஆற்றல் அதிகம் தேவைப்படும், ஃபேகோவின் நன்மைகள் ஒவ்வொன்றாகக் கரையும்.

## ஃபெம்டோ லேசர்: எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி. அத்தகைய சில நூறு ஃபெம்டோ நொடிகளே நீடிக்கும் அகச்சிவப்புத் துடிப்புகளைக் கண்ணுக்குள் குறித்த ஆழத்தில் குவித்தால், அந்தப் புள்ளியில் மட்டும் திசு பிளந்து சிறு வாயுக்குமிழ் உண்டாகும். சுற்றியுள்ள இடம் சூடாவதில்லை. இந்தப் புள்ளிகளை வரிசையாக அடுக்கினால் வெட்டு. புடாபெஸ்டில் ஜோல்டான் நாகி 2008-இல் இதை முதன்முதலாக மனிதக் கண்ணில் புரைக்குப் பயன்படுத்தினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்க அனுமதி வந்தது.

நடைமுறை இப்படி. பாப்பாவை விரியவைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு உறிஞ்சு வளையத்தைப் பொருத்துகிறார்கள். கருவி கண்ணை முப்பரிமாணமாகப் படமெடுக்கிறது. எங்கே வெட்டுவது என்ற கோடுகளைத் திரையில் மருத்துவர் சரிபார்க்கிறார். காலால் மிதித்ததும் லேசர் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பெரும்பாலும் தன் வேலையை முடித்துவிடும். லென்ஸ் தோலில் 5 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்ட வாசல், கொட்டையில் கேக் துண்டுபோலவோ கட்டம் கட்டமாகவோ கீறல்கள், தேவைப்பட்டால் கருவிழியில் நுழைவாயில், கோணலைக் குறைக்கும் வளைவுக் கீறல் ஆகியவை அதன் பங்கு. பின் உறையைத் தொட்டுவிடாமல் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டே கீறும்.

அதன் வேலை அங்கே முடிந்தது. நோயாளியை அறுவை மேசைக்கு மாற்றுகிறார்கள், பெரும்பாலும் பக்கத்து அறைக்கு. உடைந்த கொட்டையை உறிஞ்சுவதும், ஒட்டியிருக்கும் மெத்தைப் பகுதியை எடுப்பதும், லென்ஸ் வைப்பதும் வழக்கம்போல ஃபேகோ கருவியும் மருத்துவர் கையும்தான். பின் உறை கிழியும் அபாயம் பெரிதும் இந்தப் படிகளில்தான் இருக்கிறது. அங்கே லேசருக்கு வேலையில்லை. ‘பிளேடு இல்லாத’ என்று எழுதினாலும் பக்கத் துளையைப் பிளேடாலேயே போடும் மருத்துவர்கள் நிறைய.

அப்படியானால் நன்மை என்ன?

வட்ட வாசல் அச்சில் வார்த்ததுபோல் துல்லியமாக வரும். கொட்டை முன்பே கீறப்பட்டிருப்பதால் ஃபேகோ ஆற்றல் குறைவாகப் போதும். நடுத்தரக் கெட்டிப் புரையில் இது நன்றாகத் தெரியும். வளைவுக் கீறலால் ஒரு டயாப்டருக்கு உட்பட்ட கோணலைக் கையால் கீறுவதைவிடச் சீராகக் குறைக்கலாம். லென்ஸைத் தாங்கும் நூலிழைகள் தளர்ந்த கண்ணில் வாசல் திறக்கும்போது லென்ஸை இழுக்காமல், அசைக்காமல் முடிகிறது. பால்போல் வெளுத்து ஊதிய புரையில் இதன் மதிப்பு இன்னும் கூடும். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் கையால் கீறத் தொடங்கியதுமே தோல் இருபுறமும் ஓரம்வரை பிளந்து ஓடிவிடக்கூடும். நீலச் சாயமிட்ட தோலுக்கு நடுவே வெள்ளைப் பட்டை தெரிவதால் மருத்துவர்கள் இதை அர்ஜென்டினாக் கொடி என்பார்கள். லேசர் நொடிகளில் வாசலை வெட்டிவிடுவதால் அந்தப் பிளவுக்கு வாய்ப்புக் குறைகிறது.

இனிக் குறைகள். உறிஞ்சு வளையம் கண்ணின் வெள்ளையில் சின்ன ரத்தக் கசிவை உண்டாக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், இரண்டு வாரத்தில் மறையும். லேசர் பட்டபின் பாப்பா சுருங்கிவிடும் தொல்லை உண்டு. அதைத் தடுக்க வலிநிவாரணி வகைச் சொட்டை முன்பே விடுகிறார்கள், லேசருக்கும் அறுவைக்கும் இடையே நேரத்தைக் குறைக்கிறார்கள். கண் சற்று அசைந்தால் வாசல் ஓரிடத்தில் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைக் கவனியாமல் இழுத்தால் தோல் கிழிந்து ஓடும். குமிழ்கள் கொட்டைக்குப் பின்னால் அடைபட்டிருக்கும்போது நீரை வேகமாகச் செலுத்தினால் பின் உறை வெடிக்கவும் கூடும். தொடக்க கால ஆய்வுகளில் இத்தகைய பிசகுகள் பேசப்பட்டன; பழகிய கைகளில் குறைந்துவிட்டன.

கடைசியாக ஒரு முரண். லேசர் எங்கே அதிகம் தேவையோ அங்கே பல சமயம் அதைப் போட முடிவதில்லை. நூலிழை தளரும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்ற நோயுள்ள கண்ணில் பெரும்பாலும் பாப்பாவும் விரிவதில்லை. 5–6 மில்லிமீட்டர் விரியாவிட்டால் லேசர் கிடையாது. வெள்ளைப் புரையில் ஒளி உள்ளே ஊடுருவாததால் வாசல் மட்டும் வெட்டலாம், கொட்டையைக் கீற முடியாது. கல் புரையிலும் கீறல் ஆழமாக இறங்காது. கருவிழித் தழும்பு, பெரிய சதை வளர்ச்சி, குழிந்த சிறு கண், கண் அழுத்த நோய்க்காக ஏற்கெனவே செய்த அறுவையால் உண்டான கொப்புளம் ஆகியவை இருந்தாலும் இது ஒத்துவராது.

## பெரிய ஆய்வுகள் என்ன கண்டன

லேசர் வந்தபோது எல்லாரும் எதிர்பார்த்தது பார்வை இன்னும் கூர்மையாகும், சிக்கல் குறையும் என்று. பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஏறத்தாழ 900 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து லேசரையும் ஃபேகோவையும் ஒப்பிட்டன. 2020-இல் வெளியான முடிவு: ஃபேகோவைவிட லேசரால் கூடுதல் பலன் தென்படவில்லை, செலவு மட்டும் கூடியது. பிரிட்டனில் மூன்று அரசு மருத்துவமனைகள் 785 பேரிடம் நடத்திய ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. பார்வையில் இரண்டும் சமம், லேசருக்குக் கொடுக்கும் விலைக்கு ஈடான பலன் இல்லை என்றது அதுவும். எந்தச் சிகிச்சை விலைக்குத் தகும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-லேயே ஃபெம்டோவை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருந்தது.

இதை வைத்து லேசர் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வுகளில் அது பாதுகாப்பானதாகவே நின்றது. சராசரிக் கண்ணில், நல்ல மருத்துவர் கையில், ஃபேகோ ஏற்கெனவே செய்துவிட்ட வேலையில் கூட்டிக் காட்ட அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | எஸ்.ஐ.சி.எஸ். | ஃபேகோ | ஃபெம்டோ லேசர் + ஃபேகோ |
|---|---|---|---|
| வெட்டு | 6–7 மி.மீ., வெள்ளைப் பகுதியில் | 2.2–2.8 மி.மீ., கருவிழி ஓரத்தில் | ஃபேகோ அளவேதான் |
| கொட்டையை எடுப்பது | முழுதாக, கையால் | ஒலி அதிர்வால் உடைத்து | லேசர் கீறிக் கொடுக்க, ஒலி அதிர்வால் |
| கல் புரை | மிக நன்று | கைதேர்ந்தவருக்கு முடியும் | கீறல் இறங்காது |
| வெள்ளைப் புரை | நன்று | கவனம் தேவை | வாசலுக்கு மட்டும் உதவும் |
| வளைவு மாற்றம் | ஒரு டயாப்டர் அளவு | குறைவு | குறைவு. சிறு கோணலைத் திருத்தலாம் |
| பாப்பா விரியாவிட்டால் | சமாளிக்கலாம் | வளையம், கொக்கி வைத்துச் செய்யலாம் | லேசர் போட முடியாது |
| கண்ணாடிக்குக் காத்திருப்பு | சுமார் 6 வாரம் | 3–4 வாரம் | 3–4 வாரம் |
| செலவு | மிகக் குறைவு. அரசில் இலவசம் | நடுத்தரம், லென்ஸைப் பொறுத்து ஏறும் | ஃபேகோ செலவுக்கு மேல் கூடுதல் |

## பில்லில் தெரியாத செலவுகள்

ஃபெம்டோ கருவியின் விலை சில கோடி. ஒவ்வொரு கண்ணுக்கும் புதிதாகப் போட்டு எறிய வேண்டிய வளையம், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கட்ட வேண்டிய கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் மருத்துவமனையின் தலையில். அதனால்தான் லேசரைத் தனியாக விற்காமல் விலைகூடிய லென்ஸோடு சேர்த்துப் பேக்கேஜாகக் கட்டுவதைப் பார்க்கலாம். டிரைஃபோகல் லென்ஸ் (மல்ட்டிஃபோகலில் ஒரு வகை) வேண்டும் என்றால் லேசரும் வாங்கியாக வேண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த லென்ஸை ஃபேகோவிலும் வைக்கலாம். லேசரை நீக்கி, லென்ஸுக்கு மட்டும் விலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, காத்திருப்புக் காலம். புரைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு. மற்றொன்று, கண்ணுக்கான உச்சவரம்பு. உதாரணமாக, ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. லேசருக்கான கூடுதலும் மல்ட்டிஃபோகல் லென்ஸும் அதற்கு மேல் போனால் கையிலிருந்துதான். அறுவைக்கு முன்பே ஒப்புதல் கடிதத்தில் எவ்வளவு அனுமதித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவான முறைக்கும் மறைவுச் செலவு உண்டு. எஸ்.ஐ.சி.எஸ்.-க்குப் பின் சிலிண்டர் ஏறினால் தூரத்துக்கும் கண்ணாடி போட வேண்டிவரும். வண்டி ஓட்டுபவருக்கும், நாளெல்லாம் கணினி முன் உட்காருபவருக்கும் கூடுதலாக ஆகும் அந்த இரண்டு மூன்று வாரங்கள் வருமானக் கணக்கில் சேரும். யாக் லேசர் எந்த முறைக்கும் பின்னால் வரக்கூடிய செலவு. சில நிமிட வேலை, வலியில்லை. ஆனால் அன்றைக்குக் கண் அழுத்தம் ஏறலாம் என்பதால் அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

## கூடுதல் பணம் இருந்தால் எங்கே போடுவது

லேசருக்கு முன்னால் வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, அளவு எடுப்பது. கண்ணின் நீளம் சராசரி 23.5 மில்லிமீட்டர், அதை அளந்துதான் லென்ஸ் பவர் கணக்கிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினால் பவர் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் தவறும். வட்ட வாசல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தவறான பவர் லென்ஸை அது சரிசெய்யாது. கருவியைக் கண்ணில் வைத்து அழுத்தி எடுக்கும் பழைய அளவைவிட, ஒளியால் தொடாமல் எடுக்கும் பயோமெட்ரி நம்பகமானது. மிக முற்றிய புரையில் மட்டும் ஒளி நுழையாது. அப்போது அல்ட்ராசவுண்ட் அளவு தவிர்க்க முடியாதது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவு எடுப்பதற்கு ஓரிரு வாரம் முன்பே கழற்றிவிட வேண்டும். கண் வறண்டிருந்தால் முதலில் அதற்கு மருந்து விட்டுப் பிறகு அளவு எடுப்பதே சரி.

இரண்டாவது, டோரிக் லென்ஸ். கோணல் ஒன்று, ஒன்றரை டயாப்டருக்கு மேல் இருந்தால் லேசர் கீறலைவிட இது உறுதியானது. ஒரே நிபந்தனை, குறித்த கோணத்திலேயே உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும். 30 டிகிரி திரும்பினால் வைத்ததும் வைக்காததும் ஒன்று.

தொற்றைத் தடுப்பதற்குப் பெரிய செலவே இல்லை. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தும் பழக்கத்தை அரவிந்த் மருத்துவமனைகள் கைக்கொண்டபின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கைப் பார்த்தார்கள். கடும் தொற்று விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ‘முடிவில் உள்ளே ஆன்டிபயாட்டிக் போடுவீர்களா?’ என்று கேட்பது, ‘லேசர் எந்தக் கம்பெனி?’ என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

## எந்தக் கண்ணுக்கு எது

அறுபது வயது, நடுத்தரப் புரை, வேறு நோயில்லை: ஃபேகோ, ஒரே தூரத்துக்கான நல்ல மோனோஃபோகல் லென்ஸ். பெரும்பாலான கண்கள் இந்த வகைதான். படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வதில் சங்கடமில்லை என்றால் இதற்கு மேல் செலவு தேவையில்லை.

எண்பதைத் தொட்டவர், பழுப்பேறிய கல் புரை, விரல்களை எண்ணும் அளவே பார்வை: எஸ்.ஐ.சி.எஸ். நன்கு தெரிந்தவரிடம் போவது நல்லது. ஃபேகோவில்தான் செய்வேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். இலவச அரசு சேவையில் செய்துகொண்டால் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம்.

வெளுத்து ஊதிய புரை, பாப்பா நன்றாக விரிகிறது, கருவிழி தெளிவு, செலவு தாங்கும்: லேசருக்குக் கேள்வியின்றி இடம் கொடுக்கலாம். லேசர் இல்லாத ஊரிலும் நீலச் சாயமிட்டு, உள்ளழுத்தத்தை இறக்கி, கையாலேயே இதைச் செய்யும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள்.

கருவிழிச் செல்கள் குறைந்தவர், அந்தச் செல்களைக் குறைக்கும் ஃபூக்ஸ் நோய் பரம்பரையாக உள்ளவர்: புரை நடுத்தரக் கெட்டியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆற்றலைக் குறைப்பதால் லேசர் கொஞ்சம் உதவக்கூடும். தாமதிக்காமல் இருப்பது அதைவிட உதவும். செல் எண்ணிக்கையை அளக்கும் ஸ்பெக்குலர் பரிசோதனையை இவர்கள் தவறவிடக் கூடாது.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஆண்கள்: எந்த முறையானாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தியிருந்தாலும்கூட. அறுவையின் நடுவே கருந்திரை (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரை) தொளதொளத்துப் பாப்பா சுருங்கிவிடும். முன்பே தெரிந்தால் அதற்கான மருந்தையும் வளையத்தையும் தயாராக வைத்துக்கொள்வார்கள். பாப்பா விரியாததால் இவர்களில் பலருக்கு லேசர் தானாகவே கழிந்துவிடும்.

நடுக்கம், தொடர் இருமல், சொன்னபடி படுக்க முடியாத முதியவர்: லேசர் வளையத்தில் கண்ணைப் பொருத்துவதே பாடு. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து எஸ்.ஐ.சி.எஸ். அல்லது ஃபேகோ.

மல்ட்டிஃபோகல் லென்ஸ் வைத்துக் கண்ணாடியே இல்லாமல் வாழ விரும்பும் ஐம்பது வயதுக்காரர், அரை முதல் ஒரு டயாப்டர் கோணல்: கோணல் மிச்சமிருந்தால் இந்த லென்ஸில் பார்வை கலங்கும். வளைவுக் கீறலுக்காக லேசரைக் கேட்பது இங்கே நியாயமான ஆசை. விழித்திரை சுத்தமாக இருக்க வேண்டும். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும் என்பதையும் லேசர் மாற்றாது.

## கையெழுத்துப் போடுமுன்

மருத்துவரிடம், கவனியுங்கள், கவுன்சிலரிடம் அல்ல, இவற்றைக் கேளுங்கள்:

- என் புரை எவ்வளவு கெட்டி? இந்தக் கண்ணில் லேசர் எந்தப் படியை எளிதாக்கும்?
- எனக்கு அறுவை செய்பவர் நீங்கள்தானா? என் போன்ற புரையை எந்த முறையில் அதிகம் செய்கிறீர்கள்?
- லேசர் நடுவில் முடியாமல் போனால் கையால் தொடர்வீர்களா, அப்போது லேசர் கட்டணம் திரும்புமா?
- பின் உறை கிழிந்தால் இங்கேயே விழித்திரை மருத்துவர் இருக்கிறாரா?
- லென்ஸின் பெயரும் பவரும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தருவீர்களா?

கடைசியானது சில்லறை விஷயமாகத் தோன்றும். ஆனால் மறு கண்ணுக்கு அறுவை வரும்போது அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் தேடுவார்கள். பணம் கட்டிய லென்ஸ்தான் கண்ணுக்குள் இருக்கிறதா என்பதற்கும் அதுவே சாட்சி.

எந்த முறையில் செய்தாலும் அடுத்த நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து உண்டு; முதல் நாட்களில் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. முதல் வாரத்தில் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினாலோ திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், அறுவை செய்த இடத்துக்குப் போய்விடுங்கள்.